முன் அனுபவம் இல்லை

அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளுக்கு அந்தக் காலத்தில் வேலை கேட்டுப் போன கடிதங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. மதிப்பிற்குரிய ஐயா என்று ஆரம்பிக்கும். தங்களுடைய மேன்மை பொருந்திய நிறுவனத்தில் இடம் காலியாக இருப்பதாக நம்பத்தகுந்தவர்கள் மூலம் அறிந்தேன் என்று அடுத்த வரி வரும். அந்த நம்பத்தகுந்தவர் பெரும்பாலும் கேட் வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்த வாட்ச்மேன்தான். கடைசியில், வேலை கொடுத்தால் என் மேலதிகாரிகள் முழுத் திருப்தி அடையும்படி உழைப்பேன் என்று ஒரு சத்தியம். எல்லாம் ஆங்கிலத்தில். கையெழுத்துப் போடுகிறவனுக்கும் முழுசாகப் புரியாது, வாங்குகிறவரும் முழுசாகப் படிக்க மாட்டார். பாதிக் கடிதங்கள் கேன்டீனில் வடை மடிக்கப் போய்விடும்.

பஞ்சவர்ணம் அடித்துக் கொடுத்த கடிதங்களுக்கு மட்டும் அந்த கதி வந்ததில்லை.

எஸ்டேட் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே குணசேகரன் வைத்திருந்த ஜாப் டைப்பிங் கடையில் அவள் 1979-லிருந்து வேலை பார்த்தாள். இரண்டு டைப்ரைட்டர், ஒரு ஸ்டென்சில் மிஷின், ஒரு மர பெஞ்சு, அவ்வளவுதான் கடை. அவளுடைய அப்பா கடலூர்ப் பக்கத்திலிருந்து ஆவடி டாங்கி பேக்டரிக்கு வேலைக்கு வந்தவர். குவார்ட்டர்ஸில் வளர்ந்து, பள்ளிப் படிப்பை முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். ஸ்பீடில் அவளைவிடப் பெரிய ஆட்கள் அந்த வட்டாரத்தில் இருந்தார்கள். ஆனால் கடிதம் என்று வந்தால் சனங்கள் அவள் மிஷினுக்கு முன்னால்தான் வரிசை கட்டினார்கள். பக்கத்து மிஷின் சும்மா கிடந்தாலும் காத்திருப்பார்கள். குணசேகரனுக்கே அதில் ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் எரிச்சல்.

அவள் எடுத்த எடுப்பில் பேப்பரைச் சொருக மாட்டாள். வந்தவரை பெஞ்சில் உட்காரவைத்து ஐந்து நிமிஷம் பேச்சுக் கொடுப்பாள். எந்தக் கம்பெனி, யார் கைக்கு இந்தக் கடிதம் போகும், அங்கே முன்னால் இருந்தவர் ஏன் நின்றார் என்று கேட்பாள். கேட்டுவிட்டு ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் அடிப்பாள். ஒருத்தருக்கு அடித்த கடிதத்தை இன்னொருத்தருக்கு அப்படியே அடித்துக் கொடுத்தது கிடையாது.

"இவ்ளோ நேரம் இன்னாமா விசாரணை? கல்யாணத்துக்கா பொண்ணு பாக்கற?" என்று குணசேகரன் கிண்டல் செய்வார்.

"படிக்கிறவருக்கு என்ன பயம்னு தெரிஞ்சுக்கணும் சார். அந்த பயத்தைத் தீர்த்துட்டா கூப்பிட்டுடுவாங்க. நம்ம ஆளுக்கு என்ன வேணும்கிறதை அவங்க எதுக்குப் படிக்கப் போறாங்க?" என்பாள்.

ஸ்டோர் கீப்பர் வேலை கேட்டு வந்தவருக்கு, ஏழு வருஷத்தில் ஒரு முறைகூட இருப்புக் குறைந்ததில்லை என்பதை முதல் வரியிலேயே வைத்தாள். ஏனென்றால் அந்தக் கம்பெனியில் முந்தைய ஆள் பித்தளை திருடி மாட்டியிருந்தான். பட்டாபிராமிலிருந்து வந்த தேவராஜ் என்பவருக்கு, ரயில் தகராறு என்றால் சைக்கிளில் வந்துவிடுவேன், எட்டு வருஷமாக அப்படித்தான் வருகிறேன் என்று எழுதினாள். இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. தேவராஜ் பால்கோவா வாங்கிக்கொண்டு வந்தார். அவள் பொய் எழுதியதில்லை. ஒவ்வொருவரிடமும் நிஜமாகவே இருந்த ஒன்றைத் தேடிப் பிடித்து, அதை சரியான இடத்தில் உட்காரவைத்தாள். அதுதான் அவளுடைய வித்தை.

பொய் அவள் ஒரே ஒருவனுக்குத்தான் எழுதினாள். அவன் அவளுடைய புருஷன்.

எத்திராஜ் அத்திப்பட்டுக்காரன். அவன் குடும்பத்து நிலமெல்லாம் அவன் அரை டிராயர் போட்டிருந்த நாளிலேயே எஸ்டேட்டுக்காக எடுக்கப்பட்டுவிட்டது. நிலம் போன இடத்தில் எழுந்த கம்பெனி ஒன்றிலேயே அவன் இரும்பு கடையும் லேத் மிஷின் ஓட்டினான். பதினாலு வருஷம் டர்னர். அந்தக் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன்காரர்கள் மற்றவர்கள் கடைந்த பீஸ்களைப் பத்துக்குப் பத்து அளப்பார்கள், எத்திராஜ் டிரேயில் இரண்டை எடுத்துப் பார்த்துவிட்டு முத்திரை குத்திவிடுவார்கள். வீட்டுக்கு யாராவது வந்தால் தன்னை எத்திராஜ் என்று சொல்லிக்கொள்ள மாட்டான். "டர்னர் எத்திராஜ்" என்பான். பஞ்சவர்ணத்துக்கு ஆரம்பத்தில் அது சிரிப்பாக இருந்தது, பிறகு பிடித்துப்போய்விட்டது.

1986-ல் அந்தக் கம்பெனியில் வேலைநிறுத்தம் வந்தது. எத்திராஜ் தலைவனும் இல்லை, கொடி பிடித்தவனும் இல்லை. எல்லோரும் வெளியே நின்றபோது அவனும் நின்றான், அவ்வளவுதான். நிர்வாகம் கதவைப் பூட்டியது. எட்டு மாசம் பூட்டியே கிடந்தது. பிறகு நிரந்தரமாக மூடிவிட்டோம் என்று ஒரு நோட்டீஸை கேட்டில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

பஞ்சவர்ணம் கவலைப்படவில்லை. ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிறவள், சொந்தப் புருஷனுக்கு எழுத மாட்டாளா? பதினாலு வருஷ அனுபவம், சுத்தமான கை, லீவு எடுக்காத ஆள். சர்க்கரைப் பொங்கல் மாதிரி ஒரு கடிதம் அடித்தாள். பதில் இல்லை. இன்னொன்று அடித்தாள், இன்னும் நன்றாக. அதற்கும் இல்லை. பத்தொன்பது கடிதம் போயிற்று. பத்தொன்பதும் கிணற்றில் போட்ட கல்.

கடைசியில் ஒரு கம்பெனி ஆபீசில் வேலை பார்த்த, அவளுக்குத் தெரிந்த பெண் ஒருத்தி உள்ளதைச் சொன்னாள். "அக்கா, லெட்டர்ல அந்தக் கம்பெனி பேரப் பாத்தாலே எங்க மேனேஜர் கீழப் படிக்கிறதில்ல. ஸ்டிரைக் பண்ண ஆளுங்கன்னு ஓரமா வெச்சிடறாரு. நம்ம எஸ்டேட்ல எல்லா எடத்துலயும் இதே கதைதான்."

படிக்கிறவருடைய பயம் என்னவென்று பஞ்சவர்ணத்துக்கு அன்று தெரிந்துவிட்டது. அவள் தீர்க்க வேண்டிய பயம் அவள் புருஷனுடைய பதினாலு வருஷம்தான்.

இருபதாவது கடிதம் எஸ்டேட்டைத் தாண்டி, பூந்தமல்லிக்குப் பக்கத்தில் பெங்களூர் ரோட்டில் சென்னீர்குப்பத்தில் புதிதாக வந்த ஒரு கம்பெனிக்கு. அங்கே கிராமத்து ஆட்களாகப் பார்த்து ஹெல்பர் வேலைக்கு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். கிராமத்து ஆள் என்றால் சங்கம் கிங்கம் என்று போகமாட்டான் என்ற நினைப்பு. மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அவள் அதை அடித்தாள். விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவன். மழை பொய்த்து, பயிர் வைக்க முடியாமல் வேலை தேடுகிறேன். தொழிற்சாலை வேலையில் முன் அனுபவம் இல்லை. உடம்பில் பலம் இருக்கிறது, சொன்ன வேலையைச் செய்வேன், கற்றுக்கொடுத்தால் கற்றுக்கொள்வேன்.

சாயந்திரம் வீட்டில் அதை எத்திராஜிடம் கொடுத்தாள். அவனுக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். விரலை வைத்து மெதுவாகப் படித்துக்கொண்டே வந்தவன் நடுவில் நின்றுவிட்டான்.

"இன்னா பஞ்சு இது? பதினாலு வருசம் எங்க பூட்ச்சு?"

"முதல்ல உள்ள போயிடுங்க. உள்ள போனப்புறம் சொல்லிக்கலாம்."

"நான் ஏர் புட்ச்சு நீ பாத்துகிறியா? எங்கப்பனே கடைசி காலத்துல ஏர் புடிக்கல. டர்னரு டர்னருன்னு சொல்லிக்கினு திரிஞ்சவன் போய் ஹெல்பர் வேலைக்குக் கையெழுத்து போடறதா?"

"ஆறு மாசங்க. ஆறு மாசத்துல உங்க கையைப் பார்த்துட்டு அவங்களே மிஷின்ல நிக்க வெச்சுடுவாங்க."

அவன் நின்ற இடத்திலிருந்து கடைசி வரி வரை விரலை வைத்துப் படித்து முடித்தான். பிறகு பேனாவைக் கேட்டான். ஒரு வாரத்தில் கூப்பிட்டு வேலை கொடுத்துவிட்டார்கள்.

பஞ்சவர்ணத்துக்குத் தலைகால் புரியவில்லை. பத்தொன்பது உண்மைக் கடிதம் செய்யாததை இந்த ஒன்று செய்துவிட்டதே என்று உள்ளுக்குள் ஒரு கர்வம். குணசேகரனிடம்கூட, "சார், இதுவரைக்கும் நான் அடிச்சதுலயே அதுதான் நல்ல லெட்டர்" என்று சொன்னாள். அந்தக் கர்வத்தை நினைத்தால் பின்னாளில் அவளுக்கு உடம்பு கூசும்.

எத்திராஜுக்கு இரும்புக் கம்பி தூக்குவது, மிஷினுக்கு அடியில் விழும் சுருள்களை வாரிக் கொட்டுவது, எண்ணெய் ஊற்றுவது, டீ வாங்கி வருவது என்று வேலை. முதல் வருஷம் வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கதை கதையாகச் சொல்வான். எவன் டூலை கோணலாகப் பிடித்துத் தீட்டுகிறான், எவன் அளக்காமலேயே தட்டிவிடுகிறான் என்று நடித்துக் காட்டுவான். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். ஒரு நாள் மூலையில் ஒரு லேத் சத்தம் மாறியது அவன் காதில் விழுந்து, யோசிக்காமல் விறுவிறுவென்று நடந்து அதன் பக்கத்தில் போய் நின்றுவிட்டான். ஓட்டுகிறவன் திரும்பி, "இன்னாயா?" என்றான். இவன் கையிலிருந்த துடைப்பத்தால் அங்கே பெருக்கிவிட்டு வந்துவிட்டான். அதைச் சொல்லும்போதும் சிரிக்கத்தான் செய்தான். பஞ்சவர்ணத்தால் அன்று சிரிக்க முடியவில்லை.

ஆறு மாசம் ஒரு வருஷமாயிற்று. ஹெல்பரின் கையை யாரும் பார்ப்பதில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று இருவரும் பேசிக்கொண்டிருந்த சமயத்தில்தான், விண்ணப்பத்தில் படிப்பை மறைத்து எழுதியிருந்தான் என்று ஒருவனைக் கண்டுபிடித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிற்கவிடாமல் வெளியே அனுப்பினார்கள். அதோடு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. உள்ளே போன பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் சொன்னது நடக்கவே நடக்காது என்று இருவருக்கும் தெரிந்துபோயிற்று. சொன்னால் இருக்கிற வேலையும் போகும்.

இரண்டாம் வருஷத்தில் கதைகள் குறைந்தன. மூன்றாம் வருஷத்தில் சாப்பிட்டதும் பாயை விரித்துப் படுத்துவிடுவான். மகள் சுசீலாவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். தகப்பனார் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அவள் கேட்டாள். பஞ்சவர்ணம் வாயைத் திறக்குமுன் எத்திராஜ், "ஹெல்பர்னு எழுதிக்கோ கண்ணு" என்றான். சும்மா, நேரம் எத்தனை என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னான். பஞ்சவர்ணம் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. ஆயுத பூஜைக்கு மிஷின்களை எல்லாம் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து நிறுத்திவிடுவார்கள். மறுநாள் விஜயதசமியன்று அரை நாள் மட்டும் ஓட்டுவார்கள். புதிதாகக் கற்றுக்கொள்ள நல்ல நாள் என்று, போர்மேன் உலகநாதன் அன்றைக்கு ஹெல்பர்களில் ஒருவனைக் கூப்பிட்டு லேத்தில் நிற்கவைப்பார். கையோட்டம் பிடித்திருந்தால் அடுத்த வாரத்திலிருந்து அவன் மிஷின் பழகலாம். நான்கு வருஷம் சின்ன வயசுக்காரர்களாகவே பார்த்துக் கூப்பிட்டார். ஐந்தாம் வருஷம், 1992-ல், "எத்திராஜு, நீயும் எத்தினி நாள்தான் பெருக்கிகினு இருப்ப? இந்தத் தபா நீ வா" என்றார்.

அன்று எத்திராஜ் வீட்டுக்கு வந்தபோது அவன் முகத்தைப் பார்த்தே பஞ்சவர்ணத்துக்கு விஷயம் பெரிது என்று புரிந்துவிட்டது. செருப்பைக் கழற்றாமலே சொன்னான்.

"ரெண்டு பீஸு குடுப்பாராம். அளவு சொல்லுவாராம். அத்த கடைஞ்சி காட்டணும். ஆனா பஞ்சு, இன்னா மாதிரி செய்யறது? நான் பாட்டுக்கு சுத்தமா செஞ்சி நீட்டிட்டா, ஏர் புட்ச்சவனுக்கு இது எப்டிடா வந்துச்சுன்னு கேக்க மாட்டாரா?"

அவள் யோசித்தாள். ஐந்து வருஷமாக மனசில் கிடந்த பாரத்தை இறக்கிவைக்கக் கடவுளாகப் பார்த்துக் கொடுத்த வழி என்று நினைத்தாள். கடிதம் எழுதும்போது யோசிக்கிற மாதிரியே, அந்த போர்மேன் எதைப் பார்க்க ஆசைப்படுவார் என்று யோசித்தாள்.

"முதல் பீஸைக் கெடுத்துடுங்க. ரொம்ப இல்லை, புதுசா தொடறவன் கெடுக்கிற மாதிரி. அவர் பக்கத்துல வந்து சொல்லிக் கொடுப்பார். நல்லா தலையை ஆட்டிக் கேட்டுக்கோங்க. ரெண்டாவதை உங்க கைக்கு வர்ற மாதிரி பண்ணிடுங்க. நாம சொல்லிக் கொடுத்து இவன் பிடிச்சுக்கிட்டான்னு அவருக்கும் சந்தோஷமா இருக்கும்."

எத்திராஜ் அவளைப் பார்த்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் பழைய சிரிப்பு வந்தது. "நீ கில்லாடிமே" என்றான். அன்று சாப்பிடும்போது மறுபடியும் கதை சொன்னான். ஆறு மாசத்தில் பழகி முடித்ததாகக் காட்டிக்கொள்ளலாம், ஒரு வருஷத்தில் தனி மிஷின் கொடுத்துவிடுவார்கள், அப்புறம் பார் என்றான். சுசீலா ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

விஜயதசமியன்று டைப்பிங் கடை லீவு. பஞ்சவர்ணம் காலையில் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, வடை பாயசத்தோடு சமைத்துவைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். இரண்டு மணிக்கு எத்திராஜ் வந்தான். கையில் கம்பெனியில் கொடுத்த பொரி கடலைப் பொட்டலம் இருந்தது. அதை அலமாரியில் வைத்துவிட்டு, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான்.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணியும் ஆவல. உனுக்கு இது வராதுய்யான்னுட்டாரு."

"ஏன்?"

"ரெண்டு பீஸும் கெட்டுப் பூட்ச்சு. பாவம், நல்ல மனுசன், திட்டலாம் இல்ல. தோள்ல தட்டிக் குடுத்தாரு. ஏர் புட்ச்ச கைய்யா உன்து, இரும்புக்குப் படியாது, நீ இன்னா பண்ணுவ, உட்டுடுன்னு சொன்னாரு."

பஞ்சவர்ணத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஏர் பிடித்த கையாம். ஐந்து வருஷத்துக்கு முன் அவள் தட்டிய ஒரு வரியை அந்த மனுஷன் எவ்வளவு கெட்டியாக நம்பிக்கொண்டிருக்கிறார். சிரித்துவிட்டு, அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கோபமும் வந்தது.

"நான் என்ன சொன்னேன், நீங்க என்ன பண்ணிட்டு வந்திருக்கீங்க? முதல் பீஸைத்தானே கெடுக்கச் சொன்னேன்? பயந்துட்டீங்களா? இப்படி ஒரு நாள் மறுபடியும் வருமா? ரெண்டாவதை எதுக்குக் கெடுத்தீங்க?"

எத்திராஜ் தரையில் உட்கார்ந்தான். சுவரில் சாய்ந்துகொண்டு, ரொம்பத் தணிந்த குரலில் சொன்னான்.

"ரெண்டாவத நான் கெடுக்கல பஞ்சு."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. அவன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். கம்பி தூக்கித் தூக்கி விரல் கணுக்கள் எல்லாம் தடித்திருந்தன.

"மொதல் பீஸு நீ சொன்ன மாரியே கெடுத்தேன். அது நல்லா வந்துச்சு. ரெண்டாவது நெசமாத்தான் செஞ்சேன். எனுக்கு இன்னா தெரியுமோ அத்தினியும் வெச்சு செஞ்சேன். கை நிக்கல. அளவு பாக்கலாம்னு வெர்னியர எடுத்தா, அதுல கோடு ஒண்ணோட ஒண்ணு சேந்துகினு தெரியுது. கண்ண கசக்கிகினு பாக்கறேன், அப்பவும் அப்டியேதான் கீது. சரி, இன்னும் துளி எடுக்கலாம்னு டூல உள்ள உட்டேன். துளி எவ்ளோன்னு கைக்குத் தெர்ல."

பஞ்சவர்ணம் அவன் எதிரே வந்து உட்கார்ந்தாள். கண்ணாடி போட்டுக்கொள்ளலாம், பழகினால் வந்துவிடும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். யாருக்கு என்ன சொன்னால் சரியாகும் என்று ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடிக்கிறவளுக்கு, எதிரே உட்கார்ந்திருந்த அந்த ஒரு மனிதனிடம் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அவனை ஒன்றும் தெரியாதவன் என்று எழுதியது அவள். அப்படியே ஆக்கியும் விட்டாள். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, சுசீலா பார்க்கிறாளே என்றுகூட இல்லாமல், குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"த பாரு, நீ இன்னாத்துக்கு இப்ப அழுவுற?" என்றான் எத்திராஜ். "வேல கீது இல்ல? போடு, சாப்புடலாம். பசிக்குது."

அவள் எழுந்து இலை போட்டாள். வடையை வைத்தாள், பாயசத்தை ஊற்றினாள். அவன் ஒன்றையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான், பாயசம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி இன்னொரு தரம் வாங்கிக்கொண்டான். ஒரு வார்த்தை அவளைத் திட்டியிருக்கலாம். அன்றைக்கும் திட்டவில்லை, அதற்குப் பிறகும் ஒரு நாளும் திட்டவில்லை.